நரிக்குடிக்குப் போன அம்பு

மே மாதம் 22ஆம் தேதி, புதன்கிழமை. ஐந்தரை மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். பால் வாங்கி வந்தேன். சர்க்கரை இல்லாத காபி குடித்துக்கொண்டே செய்தித்தாளை, விளையாட்டுப் பக்கம் நீங்கலாக, முழுவதும் படித்தேன். மில்லுக்கு ஒருநாள் விடுப்பு சொல்லியிருந்தேன். இட்லி, தக்காளிச் சட்னி.

இவ்வளவும் என் நாட்குறிப்பில் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று மாலைக்குள், யாருடைய உதவியும் இல்லாமல், ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் ஸ்கெட்ச் பேனாக்களையும் வைத்துக்கொண்டு, என் மனைவியின் வேலைக்கு நானே குழி தோண்டினேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். எந்த உதிரிபாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். (யாரும் கேட்பதில்லை. நானாகச் சொல்வதுதான்.) மனைவி மகேஸ்வரி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. மூட்டுவலிக்காரி. ஒரே பஸ், உட்கார இடம் கிடைக்கும், இறங்கினால் எதிரே பள்ளிக்கூட வாசல். அந்த ஒரு காரணத்தால்தான் அவள் மாத்திரையோடு சமாளித்துக்கொண்டிருந்தாள்.

பத்தாம் வகுப்பு முடித்து ப்ளஸ் ஒன் சேர வரும் பிள்ளைகளுக்கு எந்த குரூப் எடுப்பது, அதை எடுத்தால் பிறகு என்ன படிக்கலாம் என்று சொல்ல அந்தப் பள்ளியில் ஒரு முகாம் வைத்தார்கள். எங்கள் மகளை நான்கு வருடம் முன்பு இன்ஜினியரிங் சேர்த்தபோது கட் ஆஃப், கவுன்சலிங் எல்லாவற்றையும் நான் கரைத்துக் குடித்திருந்தேன். தலைமையாசிரியரிடம் நானே போய், "நான் வந்து சொல்றேன் சார்" என்றேன். அவர் யோசித்தார். அவர் இன்னும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அன்று காலை இட்லி வைக்கும்போதே மகேஸ்வரி சொன்னாள்.

"இந்த வருசம் கலைப் பிரிவுக்கு ஆள் கம்மியாத்தான் வரும்போல. போன வருசமே தட்டுத்தடுமாறித்தான் தேறுச்சு. நாலு பிள்ளைகளையாவது இந்தப் பக்கம் அனுப்பி விடுங்க."

"அது தப்பு மகேஸ்வரி. பிள்ளைக எதிர்காலம்."

"என் எதிர்காலமும் அதுல கிடக்கு. ஆள் சேரலைன்னா குரூப்பை மூடிட்டு என்னை உபரின்னு எழுதி, ஆள் இல்லாத ஊரா பாத்து அனுப்பிருவாங்க."

"என் பெண்டாட்டி வேலை பாக்குற குரூப்புங்கிறதுக்காக நான் சிபாரிசு பண்ண மாட்டேன்."

"சிபாரிசு பண்ண வேண்டாம். கெடுக்காம இருந்தா போதும்" என்று சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் உட்காராமல் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தேன். நடுநிலைமை. (அந்த வயதில் எனக்கு அப்படியெல்லாம் தோன்றியது. ஐம்பத்தொன்று.)

முகாமுக்காக நான் ஒரு பெரிய சார்ட் அட்டை தயாரித்திருந்தேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக நான்கு கட்டங்கள். முதல் கட்டம் கணிதம், உயிரியல். இரண்டாவது கணிதம், கணினி அறிவியல். மூன்றாவது வணிகவியல், கணக்குப்பதிவியல். நான்காவது வரலாறு, புவியியல், பொருளியல். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் வலப்பக்கம் அம்புகள். அம்பு முனையில் படிப்பு, அதற்கு அப்பால் வேலை. முதல் கட்டத்தை எழுதும்போது எனக்கு ஊக்கம் அதிகம். மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர், விவசாயம், கால்நடை, மீன்வளம் என்று அம்புகள் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நின்றன. நான்காவது கட்டத்துக்கு வந்தபோது அட்டை முடிந்துவிட்டது. இன்னோர் அட்டை வாங்கி ஒட்டியிருக்கலாம். ஒட்டினால் நடுவில் மடிப்பு தெரியும். மடிப்பு தெரிவது எனக்குப் பிடிக்காது. ஆகவே நான்காவது கட்டத்திலிருந்து ஒரே ஓர் அம்பு கிளம்பி, பி.ஏ. வரலாறு என்ற இடத்தில் போய் நின்றது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. அட்டையின் விளிம்பு.

காலையில் கூட்டம் நெரிந்தது. வத்திராயிருப்பிலிருந்துகூட வந்திருந்தார்கள். ஓர் அம்மா என்னிடம், "கணக்கு இல்லாத குரூப்பா ஒண்ணு சொல்லுங்க சார். இவன் கடையில மிச்சச் சில்லறையே ஒழுங்கா வாங்க மாட்டான்" என்றார். பையன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு இல்லாத குரூப் நான்காவது கட்டம்தான். ஆனால் அந்த அம்மாவின் கண் அட்டைக்குப் போனது. ஒற்றை அம்பைப் பார்த்தார். "இல்ல, கணக்கே படிக்கட்டும்" என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தேன். நடுநிலைமை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மகேஸ்வரி வந்து அட்டையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"கீழ இடம் பத்தலையோ?"

"அட்டை அம்புட்டுத்தான்."

"சட்டம் படிக்கலாம். சமூகப்பணி படிக்கலாம். பி.எட். முடிச்சு டீச்சர் ஆகலாம். இந்த அட்டைப்படி பாத்தா நான் ஒருத்தி இருக்கவே முடியாது." விரலை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். "மேல மீனுக்கு ரெண்டு அம்பு போட்டிருக்கீங்க. நம்ம கண்மாய்ல தண்ணியே இல்ல."

"சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றேன். அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலத்துக்கு முன்னால் செல்வி வந்தாள். மம்சாபுரத்துப் பெண். கூட அப்பா முருகையா, தேங்காய் குடோனில் கூலி வேலை. அவர்தான் பேசினார்.

"இவ வரலாறுதான் படிப்பேங்கா சார். கலெக்டர் பரீட்சை எழுதணுமாம். நமக்கு ஒண்ணும் வெளங்கல. நீங்க சொன்னாச் சரி."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கலெக்டர் பரீட்சையை எந்த டிகிரி முடிச்சவங்களும் எழுதலாம். அது கிடைக்காமப் போனா என்ன செய்வீங்க? வணிகவியல் எடுத்தா கணக்கு எழுதியாவது பொழைச்சுக்கலாம்."

செல்வி அட்டையைப் பார்த்தாள். "வரலாறு எடுத்தா இந்த ஒண்ணுக்குத்தான் போக முடியுமா சார்?"

ஸ்கேலால் அந்த அம்பைத் தொட்டுக் காட்டினேன். "இதுதாம்மா."

"வேற எங்கயும் போகாதா?"

"போகாது."

அவள் அந்த அம்பை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப வணிகவியலே எழுதிருங்க" என்றாள். முருகையா கும்பிட்டார். போவதற்கு முன் அட்டையைத் தன் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைய நாட்குறிப்பின் கடைசி வரி: முகாம் மிகச் சிறப்பாக நடந்தது. அடிக்கோடு, ஸ்கேல் வைத்து.

ஜூலைக் கடைசியில் தலைமையாசிரியர் மகேஸ்வரியைக் கூப்பிட்டுச் சொன்னார். கலைப் பிரிவுக்கு ஒரே ஓர் ஆள் குறைகிறது. இரண்டு நாளில் ஒருவர் சேர்ந்தால் குரூப் நிற்கும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் மிச்சமிருக்கும் பிள்ளைகளைப் பொருளியல் ஆசிரியர் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

அவள் இதை என்னிடம் சொன்னபோது சண்டை போடவில்லை. முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, செய்தி வாசிப்பதுபோலச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் நான் அன்றைக்கே செல்வியைத் தேடி மம்சாபுரம் கிளம்பியிருக்க மாட்டேன்.

முருகையா வீட்டில் நாற்காலி போட்டு, காபி கொடுத்தார்கள். நான் சுற்றி வளைத்துப் பேசினேன். வரலாற்றின் பெருமைகளைச் சொன்னேன். செல்வி கணக்குப்பதிவியல் நோட்டை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முருகையா செல்போனை எடுத்து, தேடி, என் முன்னால் நீட்டினார். என் அட்டை.

"நீங்க போட்டதுதான சார் இது? எங்க தெருவுல அம்புட்டுப் பேருக்கும் அனுப்பி விட்டேன். வத்திராயிருப்புல மச்சினனுக்கும் அனுப்பினேன். அவன் பையனும் வரலாறு எடுக்க இருந்தவன், இதப் பாத்துட்டுத்தான் மாத்திக்கிட்டான்."

காபி ஆறிக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய காலண்டரிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் ஒரு கட்டம் போட்டு, அம்புகள் வரைந்தேன். சட்டம். சமூகப்பணி. இதழியல். ஆசிரியர் பயிற்சி. சுற்றுலா. கை தானாகப் போனது. நிறைய அம்புகள் வந்தன.

முருகையா தாளை வாங்கி, செல்போன் படத்தோடு வைத்துப் பார்த்தார்.

"அன்னிக்கு ஏன் சார் இதெல்லாம் போடல?"

பொய் சொல்ல வரவில்லை. "அட்டையில இடம் இல்ல."

"இடம் இல்லையா?"

"கீழ வந்ததும் முடிஞ்சிருச்சு."

அவர் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னார். "எம்புள்ள நெனச்ச படிப்ப இடம் இல்லன்னு விட்டுட்டியளா சார்."

உள்ளேயிருந்து செல்வியின் அம்மா, "அடுத்த வருசமாவது பெரிய அட்டையா வாங்கச் சொல்லுங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

செல்விதான் கடைசியாகக் கேட்டாள். "டீச்சர் வேலைக்காகத்தான சார் இப்ப கேக்கீங்க?"

"ஆமாம்மா."

"டீச்சர் அனுப்பினாங்களா?"

"அவளுக்கு நான் வந்ததே தெரியாது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "பொறவு சொல்லுதோம் சார்" என்றார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். செல்வி மாறவில்லை. அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. மே மாதம் ஸ்கேலை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னேன், ஜூலையில் காலண்டர் தாளில் வேறொன்று சொன்னேன். இரண்டாவது தடவை எதை நம்பி மாறுவார்கள்?

நான் மம்சாபுரம் போனதை மகேஸ்வரிக்குச் செல்வியே சொல்லியிருக்கிறாள். அன்றைக்குத்தான் மகேஸ்வரிக்குக் கோபம் வந்தது. "என் வேலை போகுதுன்னு அந்தப் பிள்ளையப் போய் இழுக்கீங்களா? மொத தடவை அவ கேட்டப்ப ஒழுங்காச் சொல்லியிருந்தா போதும்ல" என்றாள். பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. நாட்குறிப்பில் அந்த இரண்டு பக்கமும் காலி.

உத்தரவு வந்தது. பணி நிரவல் என்று அதற்கு அழகான பெயர். கூடுதலாக இருக்கும் இடத்திலிருந்து எடுத்துக் குறைவான இடத்தில் நிரப்புவது. ஸ்டோர்ஸில் நான் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் பேரிங் ஒன்றும் மூட்டு வலிக்கிறது என்று சொல்வதில்லை. மகேஸ்வரிக்குக் கிடைத்தது நரிக்குடி பக்கம் ஒரு பள்ளி. எங்கள் மாவட்டத்தின் மறுகோடி. தினமும் போய் வர முடியாது. அங்கே ஓர் ஆசிரியையோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை இரவு வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போகிறாள். இன்றுவரை அப்படித்தான். முழங்கால் வீக்கம் சனிக்கிழமை மதியத்துக்குமேல்தான் கொஞ்சம் வடிகிறது. நான் தைலம் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கும்போது அவள் டிவி பார்க்கிறாள்.

எங்கள் வீட்டில் இப்போது எந்தத் தவறுக்கும் ஒரே காரணம்தான். மகள் சென்னையிலிருந்து போன் செய்ய மறந்தால், "இடம் இல்லப்பா" என்கிறாள். பருப்பில் உப்பு போட நான் மறந்தால், மகேஸ்வரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "இடம் இல்லையோ?" என்கிறாள். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் பத்தாவது முடித்த பிள்ளைகள் இருந்தால் என்னைப் பந்திக்கு முதலிலேயே அனுப்பிவிடுகிறார்கள்.

உத்தரவு கைக்கு வந்த அன்று இரவு அவள் புடவைகளை மடித்து அடுக்கினாள். பெட்டியை எடுத்து வெளியே வைத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "தூங்குங்க" என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக, காபிகூடப் போடாமல், புதிய பள்ளியின் தலைமையாசிரியைக்குப் போன் செய்தாள். தங்க இடம் கிடைக்குமா, பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்து, பேனாவோடு பக்கத்தில் நின்றேன்.

"வணக்கம் மேடம். உங்க ஸ்கூலுக்கு வர்ற வரலாற்று டீச்சர் மகேஸ்வரி பேசுறேன். நாளைக்கு வந்து சேந்துருவேன்" என்றாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். "ஒரே ஒரு விசயம் மேடம். என் வீட்டுக்காரர் பெட்டி தூக்கிட்டு வருவாங்க. வாசல்லயே வாங்கிக்கிறேன். பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்றேன்னு கேட்டா, உள்ள விட்டுராதீங்க."