நூறு மடங்கு கங்காணி

"கண்ணாடியை மாத்துனா முந்நூறு வெள்ளி. போனுக்கு ஆறாயிரத்து இருநூறு வெள்ளியா? உங்களுக்குக் கண்ணுல கோளாறா, மூளையில கோளாறா?" என்று கேட்டாள் சாரதா.

வேலப்பன் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "இது வெறும் போன் இல்லடி, நூறு மடங்கு சூம்! பிரிஞ்சாங் டவுன் கடைக்காரன் நிலாவுல இருக்கிற குழியையே காட்டினான் லா," என்றார்.

"நம்ம ஆளுங்க நிலாவுலயா புல்லு வெட்டுறாங்க?"

போன் வாங்கியதற்கு அவருடைய முழங்கால் வலிதான் காரணம் என்று இருவருக்கும் தெரியும். பத்தொன்பது வருடமாக இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. புல்வெட்டும் ஆட்கள் இருக்கும் மலையோ பள்ளத்துக்கு அந்தப் பக்கம். தினமும் இறங்கி ஏற உடம்பு கேட்கவில்லை. ஏறவில்லை என்று மேனேஜர் கிரகரி துரைக்குத் தெரிந்தால் வேலை போகும். வேலையோடு தோட்டத்து வீடும் போகும். பாவம், மனுஷன் வேறு என்னதான் செய்வார்?

மறுநாள் ஸ்டோர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனைத் தூக்கினார். அடடா! எதிர்மலையில் ஆறு பேரும் தலை நிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். சாரதாவின் தங்கை மலர்கூட வாயை மூடிக்கொண்டு வேலை செய்தாள். அந்த அதிசயத்துக்கே ஆறாயிரம் வெள்ளி தகும் என்று நினைத்தார். படம் எடுத்து துரைக்கு அனுப்பிவைத்தார்.

வாரக் கடைசியில் துரை கூப்பிட்டார்.

"என்ன வேலப்பன், ஒரு நாளைக்கு இருபது நிரை புல்லு வெட்டணும். பன்னெண்டுதானே முடிஞ்சிருக்கு?"

"எல்லாரும் உசுரக் குடுத்து உழைக்கிறாங்க துரை. படத்தைப் பாத்தீங்கல்ல?"

"படம் மங்கலா இருக்கு."

ஆறாயிரத்து இருநூறு வெள்ளிப் படத்தை மங்கல் என்று சொல்லிவிட்டாரே! வேலப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து வெயில் நன்றாக விழும் நேரமாகப் பார்த்து, காலை பத்துக்கும் மாலை மூன்றுக்கும் படம் எடுத்தார். மலரின் கையிலிருந்த கத்தியின் பிடிகூடத் தெரிந்தது. நிரைதான் ஒன்பதாகக் குறைந்தது.

"அந்தக் காசுக்கு நாலு ஆள் வச்சு மலையவே மொட்டையடிச்சிருக்கலாம்," என்றாள் சாரதா.

"சும்மா இருடி. அத்தாட்சி இருக்கு எங்கிட்ட!"

மாதக் கடைசியில் அத்தாட்சியைத் தேதிவாரியாக அடுக்கி, நாற்பது படங்களையும் துரைக்குத் தட்டிவிட்டார். அதுதான் வினையாகப் போயிற்று. துரை படங்களின் தேதிகளை, தினமும் வெட்டிய நிரைகளை எழுதும் வேலைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டார்.

"வேலப்பன், படம் எடுத்த நாள்ல ஒன்பது நிரை. நடுவுல நாலு நாள் படமே இல்ல. ஏன்?"

"அந்த நாலு நாளும் மூடுபனி, துரை. ஒண்ணும் தெரியல."

"அந்த நாலு நாளும் தினம் இருபத்திரெண்டு நிரை!"

துரை புத்தகத்தைப் படாரென்று மூடினார்.

"நீங்க பாத்தா ஒன்பது, பாக்காட்டி இருபத்திரெண்டு. அப்ப எனக்குக் கங்காணி எதுக்கு? திங்கட்கிழமைக்குள்ள காரணம் சொல்லுங்க. இல்லன்னா வீட்டுச் சாவியைக் குடுங்க."

மறுநாள் பளீரென்று வெயில். முழங்கால்களுக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, போனைச் சட்டைப் பைக்குள் போட்டு, முருகா முருகா என்று பள்ளத்தில் இறங்கினார் வேலப்பன். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தார். ஒரு மணி நேரம் கழித்து மலை மேல் மூச்சு வாங்க நின்றபோது, கத்திகள் ஒரு பக்கம் கிடந்தன. ஆறு பேரும் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பிஸ்கட்டை மைலோவில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவிகளா! என் வேலைக்கே உலை வச்சிட்டீங்களே! பனி நாள்ல மட்டும் எப்படி இருபத்திரெண்டு நிரை வெட்டுனீங்க?" என்று அலறினார்.

மலர் பயப்படவில்லை. அவளுக்குத்தான் கோபம் வந்தது.

"பின்ன என்ன அத்தான்? வெயில் நாள்ல நீங்க போனைத் தூக்குனா அது பளிச்சுனு இங்க வரைக்கும் மின்னும், நாங்களும் எந்திரிச்சு வெட்டுவோம், அது மறைஞ்சதும் உக்காந்துருவோம். பனி நாள்ல அந்த மின்னலும் தெரியாது, நீங்க எப்பப் பாக்குறீங்கன்னும் தெரியாது, ஆறாயிரம் வெள்ளி போனாச்சே, பனிக்குள்ளயும் பாக்கும்னு பயந்துகிட்டு நாள் பூரா வெட்டித் தொலைக்கிறோம்!"