பாம்புச் செவி

“இதோ! இப்பக் கேட்டுதா? டக்… டக்… டக்…”

பல் டாக்டர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே கத்தினார். பக்கத்துச் சீட்டில் முழங்கால் மோவாயைத் தொட மடங்கி உட்கார்ந்திருந்த மெக்கானிக், கண்களை மூடிக்கொண்டு கவனித்தார்.

“கேக்கல சார்.”

“மீட்டர் முள்ளு மூவாயிரத்தைத் தாண்டும்போது வருது பாருங்க. இதோ!”

“காத்து கேக்குது. சைலன்சர் கேக்குது. நீங்க கத்துறது நல்லாவே கேக்குது. வேற ஒண்ணும் கேக்கல.”

வண்டி, ஒரு காலத்தில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வைத்திருந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். இப்போது அதன் சிவப்பு, துருவோடு சமரசம் செய்துகொண்டிருந்தது. வருடத்துக்கு ஒரு முறை நடக்கும் பொழுதுபோக்குப் பந்தயத்துக்காக டாக்டர் அதை வாங்கியிருந்தார். பந்தயம் காயலான் கடைக்குப் போக வேண்டிய வண்டிகளுக்கு மட்டும்தான். வண்டியும் அதில் போட்ட வேகச் சாமானும் சேர்ந்து குறிப்பிட்ட விலையைத் தாண்டக் கூடாது. அந்தத் தொகை ஒரு நல்ல பல்செட்டின் விலை என்பது டாக்டரின் கணக்கு. மூன்று பேர் மாற்றி மாற்றி எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும்.

முதல் வருடம் ரேடியேட்டர் வெடித்தது. இரண்டாம் வருடம் கியர் பெட்டி கையோடு வந்தது. பந்தயம் முடியும்போது அசைக்கும் கட்டம் போட்ட கொடியை டாக்டர் இதுவரை கம்பி வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறார். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு ஆசை கிடையாது. ஒரே ஒரு தடவை, ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்தபடி அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும். இந்தத் தடவை பார்த்தே தீருவேன் என்று நோயாளிகள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களுக்குக் கேட்டுக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இந்த நேரத்தில்தான் டக் டக்.

“வால்வு இடைவெளியா இருக்கும்,” என்றார் டாக்டர். மெக்கானிக் வால்வுகளைத் திருகிச் சரிசெய்தார். வண்டி நிற்கும்போது இருமத் தொடங்கியது. சத்தம் போகவில்லை.

“எஞ்சினைத் தாங்குற ரப்பர் தேஞ்சிருக்கும்.” ரப்பரைக் கழற்றிவிட்டு, பந்தயக்காரர்கள் போடுவதுபோல் இரும்பிலேயே கட்டை செய்து போட்டார்கள். வண்டி முழுக்க அதிர்ந்தது. டாக்டர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு முகம் வெளுத்து இறங்கினார்.

“இப்ப ரெண்டு மடங்கா வருது.”

“எங்கேர்ந்து சார்?”

“சீட்டுப் பக்கத்திலேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. ரொம்பக் கிட்டக்க.”

பஞ்சுச் சீட்டு பறந்தது. அந்த இடத்தில் மெத்தை இல்லாத ஃபைபர் சீட்டு ஒன்றைத் தரையோடு தரையாக முடுக்கினார்கள். சத்தம் இன்னும் தெளிவானது. ஸ்பிரிங்கை மாற்றிக் கெட்டியாகப் போட்டார்கள். முதல் மேட்டில் கண்ணாடி கழன்று விழுந்தது, இரண்டாவது மேட்டில் டாக்டரின் இடுப்பு பிடித்துக்கொண்டது. சத்தம் இப்போது இரண்டாயிரத்து ஐந்நூறிலேயே ஆரம்பித்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்றால், இங்கே அந்தக் குரங்கும் நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டிருந்தது.

டாக்டருக்கும் மெக்கானிக்குக்கும் அடுத்து, மூன்றாவது ஓட்டுநர் டாக்டருடைய மனைவியின் தம்பி. சைக்கிள் கடை வைத்திருப்பவன். மாமாவிடம் மரியாதை உண்டு, பயம் கிடையாது.

“மாமா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது. நானும் ஓட்டிட்டேன், மெக்கானிக் அண்ணனும் ஓட்டிட்டாரு. உங்களுக்கு மட்டும்தான் கேக்குது.”

“எனக்குப் பாம்புச் செவி, மாப்ளே. டிரில்லு போடுற சத்தத்தை வச்சே பல்லு எவ்வளவு தூரம் சொத்தைன்னு சொல்லிடுவேன். உங்களுக்கெல்லாம் இருக்கிறது வெறும் கண்ணாடி மாட்டுற காது.”

முப்பது வருடமாக எஞ்சினோடு குடித்தனம் நடத்துகிறவருக்குக் கேட்காதது ஒரு பல் டாக்டருக்குக் கேட்கிறதே என்று மெக்கானிக்குக்கு உள்ளூர வருத்தம். இரவில் காதுக்குள் எண்ணெய் விட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்.

அவருக்கும் டாக்டருக்கும் ஏற்கெனவே ஒரு மனத்தாங்கல் உண்டு. புது வயரிங் போட்ட அன்று மெக்கானிக் வயரின் தோலைப் பல்லால் கடித்து உரித்தார். டாக்டர் பதறிப்போய் அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். “பல்லு என்ன குறடா? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் எங்க தொழிலே நடக்குது!” மெக்கானிக் முகத்தைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். குறடு எங்கே இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். டாக்டர் அங்குமிங்கும் பார்த்தார். மீதியிருந்த நாலு வயரையும் தானே கடித்து உரித்து முடித்தார். கிளினிக் சாவியைக் கொடுக்க வந்து ஷெட் வாசலில் நின்ற உதவியாளப் பெண் மட்டும் அதைப் பார்த்துவிட்டாள்.

“டாக்டர், நீங்க…”

“யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. சாவியை வச்சிட்டுக் கிளம்பு.”

அதற்குப் பிறகும் அவள் ஒரு தடவை கிளினிக்கில், “டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்று ஆரம்பித்தாள். “லீவுதானே? எடுத்துக்கோ,” என்றார் டாக்டர். கிடைத்த லீவை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

பந்தய நாள் வந்தது. ஒவ்வொரு அணியிலும் முதலுதவி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் உதவியாளப் பெண்ணும் ஒரு வெள்ளைப் பெட்டியோடு வந்து நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

காலை ஒன்பது மணிக்குக் கொடி அசைந்தது. மச்சினன் மூன்று மணி நேரம் ஓட்டினான். ஒரு குறையுமில்லை. மெக்கானிக் மூன்று மணி நேரம் ஓட்டினார். வண்டி வெண்ணெயாக ஓடியது. நாற்பத்திரண்டு வண்டிகளில் பாதி படுத்துவிட்டன. இவர்கள் ஒன்பதாவது இடம். கடைசி இரண்டு மணி நேரம் டாக்டருக்கு.

“மாமா, அஞ்சு மணிக்குக் கொடி. எந்தச் சத்தம் கேட்டாலும் நிறுத்தாதீங்க,” என்று மச்சினன் பெல்ட்டை இறுக்கிவிட்டான்.

முதல் சுற்றிலேயே கேட்டது. டக் டக் டக் டக். இறுக்கமான ஹெல்மெட்டுக்குள் அது மண்டையிலேயே அடித்தது. டாக்டர் ஒரு மணி நேரம் தாங்கினார். பின்பு பத்து நிமிடம், அதற்குப் பின் இன்னொரு பத்து நிமிடம். எஞ்சினுக்குள் பேரிங் உடைந்து, ராடு வெளியே பாய்ந்து, வண்டி தீப்பிடித்து எரிவதெல்லாம் அவர் கண்முன் தெரிந்தது. நாலு இருபதுக்கு வண்டியைத் திருப்பி உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்.

“பேரிங் போச்சு! உடனே அடியைத் திறங்க. இல்லாட்டி எஞ்சினே மிஞ்சாது.”

“சார், இன்னும் நாப்பது நிமிஷம்…”

“வண்டியை ஓட்டினது நீங்களா நானா?”

மெக்கானிக் ஒரு கணம் தயங்கினார். பிறகு தன் காதின் மேல் நம்பிக்கையில்லாதவராக வண்டிக்கு அடியில் படுத்தார். கொதிக்கிற ஆயில் வழிந்தது. அடித்தட்டு இறங்கியது. பேரிங் மூடிகள் ஒவ்வொன்றாகத் தார்ப்பாயில் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு கீறல் இல்லை. முகம் பார்க்கலாம்போல மின்னின.

வெளியே ஹாரன்கள் ஒலித்தன. மணி ஐந்து. கட்டம் போட்ட கொடி கம்பி வேலிக்கு அப்பால் அசைந்தது. டாக்டர் இந்த வருடமும் அதை அங்கிருந்தே பார்த்தார்.

மச்சினன் ஒரு பிஸ்கட்டை நீட்டினான். டாக்டர் அதை வாயில் போட்டு மென்றார்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“கேட்டுதா? மறுபடி டக்குங்குது!”

மெக்கானிக் தார்ப்பாயைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். “சார், எஞ்சின் கழண்டு கீழே கிடக்குது.”

நிழலிலிருந்து உதவியாளப் பெண் எழுந்து வந்தாள். பெட்டியிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தாள். பழகிய கையால் டாக்டரின் மோவாயைப் பிடித்து, வாயைத் திறந்து உள்ளே அடித்துப் பார்த்தாள். இந்தத் தடவை பதில் பேச வழியில்லாமல் நின்றவர் டாக்டர்தான்.

“வயரைக் கடிச்சீங்களே டாக்டர், அந்தப் பல்லு மேல போட்டிருந்த கேப்பு அன்னைக்கே லூஸாயிடுச்சு, அப்புறம் கிளினிக்ல நான் சொல்ல வந்தது லீவைப் பத்தி இல்ல.”