மணவறை எங்களை முந்தப் பார்த்த காலை

தாய்மாமன் என்ற பதவி கிடைத்தால் சிலருக்குப் பொறுப்பு வரும். எனக்குத் திமிர் வந்தது.

தங்கச்சி மகளின் கல்யாணம். கழற்றிப் பூட்டும் மணவறையைப் பேராதனை மண்டபத்துக்குக் கொண்டுபோக லொறி பேசலாம் என்றார்கள். "நான் இருக்கும்போது வாடகை லொறியா?" என்று எழுந்து நின்றேன். (உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்.) என்னிடம் கெப் வண்டி இருந்தது, நண்பரிடம் ட்ரெயிலர் இருந்தது. மாட்டினால் முடிந்தது!

மாட்டித் தந்தவர் கண்டியில் கராஜ் வைத்திருக்கும் ரஸ்மி நானா. கெப்பின் பின்னால் இரும்பு உருண்டை ஒன்றைப் பொருத்தினார். ட்ரெயிலரின் மூக்கு அதன்மேல் தொப்பி மாதிரிக் கவிழும்; அது கிளம்பாமலிருக்கத் துளையில் செருகும் 'பின்' என்ற இரும்பு ஆணி ஒன்று. பின்விளக்குகளுக்கு வயர் இழுத்தார். கடைசியாக இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டினார்.

"சங்கிலி எதுக்கு நானா? இது என்ன ஆனையா?"

"ஆனைக்குப் பாகன் ஈக்கிறான். இதுக்கு நீங்கதானே சேர் ஈக்கிறீங்க" என்றார். "பாரத்த முன்னுக்கு ஏத்துங்க. பின்னுக்குக் கூடினா மூக்கத் தூக்கும்."

இருபது வருடமாக நெம்புகோல் படிப்பிக்கும் விஞ்ஞான ஆசிரியனுக்கே நெம்புகோல் பாடம்! பெருந்தன்மையோடு சிரித்துவைத்தேன்.

கல்யாணக் காலையில், இறக்க லேசாக இருக்கட்டும் என்று, இரும்புப் பீடத்தைக் கடைசியாகப் பின்பக்கம் ஏற்றினேன். முன்னால் பிளாஸ்டிக் பூக்கள். (நெம்புகோலுக்கு அன்று லீவு.) அடுத்து பூசை. ஆறு சில்லுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். ஹெட்லைட் தொடங்கி சங்கிலி வரை சந்தனப் பொட்டு. அந்தப் பின் மட்டும் என்ன பாவம் செய்தது? அதைக் கழற்றித் தட்டில் வைத்து, பொட்டிட்டு, கற்பூரமும் காட்டினேன். தங்கச்சி தட்டை உள்ளே கொண்டுபோனாள். நானும் மனைவியும் கெப்பில் ஏறினோம்.

குண்டசாலை தாண்டும் வரை ராஜபவனிதான். ஓர் இறக்கத்தில் கெப்பின் பின்புறம் இடுப்பாட்டத் தொடங்கியது. பிறகு ஒரு குழி. டொங்!

"என்னங்க, மணவறை நம்மள முந்தப் பாக்குது!" என்று மனைவி அலறினாள்.

கண்ணாடியில் பார்த்தேன். தங்கநிறக் கோபுரம் ஒன்று என் பக்கத்தால் வந்துகொண்டிருந்தது. "முருகா" என்று கத்தி, பிரேக்கை மிதித்து, ஹோர்னும் அடித்தேன். (மணவறைக்கு வழிவிடச் சொல்லி.) எப்படியோ நின்றோம். ட்ரெயிலரின் மூக்கு வானத்தைப் பார்க்க, பின்புறம் தாரில் உட்கார்ந்திருந்தது. சங்கிலிகள் மட்டும் எங்களை விடவில்லை.

தங்கச்சியிடமிருந்து போன் வந்தது. "அண்ணே, நாங்க மத்தப் பாதையால மண்டபத்துக்கு வந்துட்டோம். ஐயரும் வந்துட்டாரு. முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணித்தியாலந்தான் இருக்கு. புள்ள அழுவுறா. எங்க நிக்கிறீங்க?"

"பக்கத்துல" என்றேன். (எதற்குப் பக்கத்தில் என்று சொல்லவில்லை.) உடனே நானாவுக்குப் போன் அடித்துக் கதையைச் சொன்னேன்.

"பின் எங்க சேர்?"

"சாமித் தட்டுல."

"பொட்டு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"அப்ப பின் பத்திரமா ஈக்கும். நீங்கதான் நடுரோட்டுல. பீடத்த முன்னுக்குத் தள்ளுங்க. மொத்தமான போல்ட் ஒண்டு தேடிப் போட்டு, ஊர்ந்து போங்க."

ஓட்டோக்காரர்கள் கூடித் தள்ளினார்கள். கைக்கு அகப்பட்ட ஒரே தடித்த போல்ட், மணவறையின் இடது தூணுக்குரியது.

முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்க மண்டபத்தில் நுழைந்தோம். மருமகள் அழுகையை நிறுத்திச் சிரித்தாள். அதற்குள் போல்ட் வளைந்து ட்ரெயிலரின் துளையிலேயே இறுகிவிட்டது, சுத்தியலுக்கும் அசையவில்லை. போல்ட் இல்லாத தூண் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்தது.

"யாராச்சும் இதப் பிடிங்கோ" என்றார் ஐயர். மண்டபமே என்னைப் பார்த்தது.

கெட்டிமேளத்திலிருந்து கடைசி அட்சதை வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மூக்கு அரித்தபோது தூணிலேயே தேய்த்தேன். கல்யாண அல்பத்தில் எந்தப் படத்தைப் புரட்டினாலும் மணமகள், மணமகன், நான்.

போன மாதம் தங்கச்சியின் அடுத்த மகளுக்கும் நிச்சயமாகிவிட்டது. "அண்ணே, இந்தவாட்டி மணவறைய மண்டபக்காரங்களே கொண்டாறாங்க" என்றாள் போனில்.

அப்பாடா என்றேன்.

"ஆனா நீங்க தூணுகிட்ட வந்து நில்லுங்க. மாப்ள வீட்டுல அல்பத்தப் பாத்துட்டுக் கேட்டுட்டாங்க, அது நம்ம பக்கத்துச் சடங்கான்னு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."