விபூதிக்கு அடியில் மனோபலம்

"'சிகரெட்டை விடறதுக்கு மருந்து எதுக்குடி? மனசு இருந்தா போறாதா? உன் தம்பி எருமை மாதிரி அசை போட்டுண்டு திரியறான், அவனெல்லாம் ஒரு ஆம்பளையா?' இதானேன்னா சொன்னேள்? ஒரு எழுத்து மாத்தலையே நான்?"

"மாத்தலை," என்றார் நாராயணசுவாமி.

"போன் ஸ்பீக்கர்ல இருந்தது. தம்பி நாகேஷ் காதிலே விழுந்துடுத்து."

"விழட்டும். ரோஷம் வரட்டும்."

"அவன் சிகரெட்டை விட்டாச்சுன்னா. நிகோடின் சூயிங்கம் மென்னு விட்டான். நீங்கதான் இன்னும் கொல்லைப்பக்கம் புகை போட்டுண்டிருக்கேள். சூயிங்கம் வேண்டாமா, தோல்லே ஒட்டிக்கற பேட்ச் இருக்கு. டாக்டரைக் கேட்டு அதையாவது ஒட்டிக்கோங்கோ."

"நிகோடினை விடறதுக்கு நிகோடினா? திருடனைப் பிடிக்கத் திருடனுக்கே சம்பளமா?"

"கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிறுத்தறதுன்னா அது."

"எனக்கு அதெல்லாம் வேண்டாம். மலைமேலே முருகன் இருக்கான், உள்ளே மனசு இருக்கு. ஆடிக் கிருத்திகைக்கு உன் தம்பி காவடி எடுத்துண்டு வருவான் இல்லையா? அவன் எதிரே நின்னு, விட்டுட்டேன்னு சொல்றேன். நடுவிலே ஏதாவது மருந்தைத் தொட்டிருந்தேன்னா, பந்தியிலேயே அவன்கிட்டே மன்னிப்புக் கேக்கறேன்."

அபிராமசுந்தரி அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் நகர்வது அந்த வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. நாராயணசுவாமி அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணச் சமையலிலேயே தலை நரைத்தவர். பொங்குவதற்கு முன்னால் பால் ஒரு நொடி அடங்கும் என்பது அவருக்குத் தெரியும். பாலுக்குத் தெரிந்ததைப் பெண்டாட்டிக்குப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மனோபலம் கிராம்பில் ஆரம்பித்தது. பிறகு சோம்பு, பிறகு சுக்கு. வாய் மளிகைக்கடை ஆயிற்றே தவிர ஆசை போகவில்லை. விடியற்காலையில் மலைப்படி ஏறினார். அவருக்கு முன்னாலேயே ஆசை ஏறிப்போய் உச்சியில் காத்திருந்தது. கனகம்மாசத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், கை நடுக்கத்தில் கேசரிக்கு உப்பை அள்ளிப் போட்டார். சம்பந்தி ஒரு வாய் போட்டுக்கொண்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவரைப் பார்த்த பார்வையில் மனோபலம் அங்கேயே படுத்துவிட்டது.

மறுநாள் கரண்டி வாங்கப் போவதாகச் சொல்லி அரக்கோணத்துக்கு ரயிலேறினார். திருத்தணி மருந்துக்கடையில் வாங்கினால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் அல்லவா. அரக்கோணத்துக் கடைக்கார அம்மாள் கண்ணாடிக்கு மேலே ஒரு தரம் பார்த்தாள். எத்தனை பிடிப்பீர்கள், இதயத்தில் கோளாறு உண்டா என்று விசாரித்தாள். பேட்சைக் கொடுத்து, கையிலோ மார்பிலோ ஒட்டிக்கொள்ளச் சொன்னாள். தினம் இடம் மாற்றவேண்டும், ஒட்டிக்கொண்டு சிகரெட் பிடிக்கக்கூடாது. வெள்ளைப் பொட்டு மாதிரி வட்டமாக இருந்தது. நாராயணசுவாமி அதைப் பெருங்காய டப்பாவில் ஒளித்துவைத்தார்.

அப்புறம்தான் கஷ்டம் உறைத்தது. சட்டை போடுகிறவன் எங்கே வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வெற்றுடம்போடு அடுப்படியில் நிற்கிற சமையல்காரன் எங்கே ஒட்டிக்கொள்வது?

விபூதி கைகொடுத்தது. தோளுக்குக் கீழே பேட்ச்; அதன்மேல் நீரில் குழைத்த விபூதி, பட்டை பட்டையாக. மறுநாள் வலது கை. அதற்கு மறுநாள் மார்பு. கை நடுக்கம் நின்றது. சிகரெட் நினைப்பு மெல்ல மெல்ல அயர்ந்தது. தெருவில் பக்திமான் என்று பெயர் வேறு வந்தது.

"அய்யரு சாமியாராவே ஆயிடுவாரு போலக்கீது," என்றார் பக்கத்து வீட்டு ஆட்டோ சின்னசாமி.

அபிராமசுந்தரி விபூதி மடல் காலியானபோதெல்லாம் நிரப்பி வைத்தாள்.

நாராயணசுவாமிக்குத்தான் முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாகேஷ் ஊரறிய மென்றான். இவர் மறைத்து ஒட்டிக்கொண்டார். மறைத்ததும் சாமியின் விபூதியைக் கொண்டு. எருமையாவது நடுத்தெருவில் நின்று அசை போடுகிறது.

ஆடிக் கிருத்திகையன்று குளித்துவிட்டுத் துடைத்துக்கொண்டபோது துண்டில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. மகள் ஸ்ரீவர்ஷினி தலையில் சுற்றியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, இடது கையில் பேட்சை ஒட்டி, தாராளமாக விபூதி பூசினார்.

காவடி செலுத்திவிட்டு நாகேஷ் வந்து பந்தியில் உட்கார்ந்தான். பக்கத்தில் சின்னசாமி. நாராயணசுவாமி சாம்பார் வாளியோடு வந்தார்.

"அய்யரே, நானும் பீடிய வுடலாம்னு பாத்துகினு இருக்கேன். மச்சான் மாதிரி சூயிங்கம் வாங்கலாமா, உங்கள மாதிரி சும்மாவே வுட்டுடலாமா?"

நாகேஷ் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை சண்டைக்கு வந்திருந்தால் நாராயணசுவாமி தப்பித்திருப்பார்.

"சூயிங்கமாவது ஒண்ணாவது," என்றார். "மனசு வேணும் சின்னசாமி, மனசு. என்னைப் பாரு. மருந்துன்னு ஒரு பொட்டுக்கூட—"

சாம்பார் ஊற்றக் குனிந்தார். வியர்வையில் விபூதி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் கையிலிருந்து அந்தப் பொட்டு வழுக்கி, முழங்கையில் ஒரு கணம் தயங்கி, நாகேஷின் இலையில் வடைக்குப் பக்கத்தில் விழுந்தது.

"இன்னாங்க அய்யரே, குட்டி அப்பளம் மாதிரி கீது?" என்றார் சின்னசாமி.

நாகேஷ் அதைத் திருப்பிப் பார்த்தான். பார்த்தவுடன் தெரிந்துகொண்டான், மருந்துக்கடையில் சூயிங்கத்துக்குப் பக்கத்திலேதானே அது இருக்கும்.

"அத்திம்பேர்," என்றான் மெதுவாக.

அபிராமசுந்தரி பாயசத்தோடு வந்து நின்றாள்.

"தோல்லே எண்ணெய்ப் பசை இருந்தா ஒட்டாதுன்னு டப்பாவுக்குள்ள இருக்கற காகிதத்திலேயே போட்டிருக்கான்னா. இங்கிலீஷ்ல."

"உனக்கு... எப்போ...?"

"நீங்க அரக்கோணத்திலேர்ந்து ரயிலேறறதுக்கு முன்னாடியே. கடையிலே இருக்கிறது பத்மா. கான்வென்ட்ல நானும் அவளும் ஒரே பெஞ்ச். நம்ம கல்யாணத்துக்குக்கூட வந்திருந்தா, நீங்க அப்போ வாசல்ல புகை விட்டுண்டிருந்தேள்."

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லலை?"

"சொன்னா ரோஷத்திலே பிய்ச்சுப் போட்டுட்டு மறுபடி சிகரெட்டைத் தேடுவேள். சிகரெட் போகட்டும்னு இருந்தேன். இப்போ போயாச்சு. ரோஷம் மட்டும்தான் பாக்கி." பாயசத்தை நாகேஷின் இலையில் விட்டாள். "அடுத்த டப்பா, பவர் கம்மியானது, பத்மா குடுத்தனுப்பியிருக்கா. பெருங்காயத்துக்குப் பக்கத்திலே வச்சிருக்கேன். தம்பிகிட்டே ஏதோ கேக்கறேன்னேளே, கேளுங்கோ."

பந்தி முழுக்கக் கை நின்றது. விபூதி வழிந்துபோன கையில், பேட்ச் இருந்த இடம் மட்டும் வட்டமாகப் பளிச்சென்று தெரிந்தது. நாராயணசுவாமி வாளியைக் கீழே வைத்து அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டே ஆகவேண்டும். அதை வெற்றுடம்போடு எப்படிக் கேட்பது?

"அபி, கொடியிலே கிடக்கற அந்தத் துண்டை இப்படிக் குடு," என்றார்.

அவள் சின்னசாமிக்குப் பாயசம் விட்டுக்கொண்டிருந்தாள். நாகேஷ் வட்டத்தை எடுத்து இலையின் ஓரத்தில் பத்திரமாக ஒதுக்கினான்.

"யாராவது அந்தத் துண்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கோளேன்."