பன்னிரண்டு நீல மூடிகள்

பக்கற்றைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிக்காமல் ஒரு பிஸ்கட்டைக்கூட வாயில் வைக்காதவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தங்கை சுகன்யாவின் கலியாணம் குழம்பப் பார்த்ததற்கு இந்தப் பழக்கம்தான் காரணம்.

எல்லாம் என் இரத்தப் பரிசோதனையில் தொடங்கியது. சீனி எல்லைக்கோட்டில் நிற்கிறது, சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்றார் மானிப்பாய் டாக்குத்தர். அன்றே குசினியில் இருந்த பக்கற்றுகளை எல்லாம் மேசையில் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தேன். அது ஒரு தனி உலகம். ஈ 100 என்று பயமுறுத்துவது மஞ்சளில் இருந்து எடுக்கும் நிறம். ஈ 330 தேசிக்காயில் இருக்கும் அதே புளிப்பு. ஈ 120 பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு (அதற்குப் பிறகு சிவப்பு இனிப்பைக் கண்டால் எனக்கு அதில் கால்கள் தெரிந்தன).

ஆர்வம் முற்றியது. லேபிள்களை எல்லாம் வெட்டி, தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் குறிப்பும் எழுதினேன். பிளாஸ்ரிக் உறை கூடாது என்று எங்கோ வாசித்ததால், ஒரே அளவில் பன்னிரண்டு கண்ணாடிப் போத்தல்கள் வாங்கி, சாமான்களை அவற்றில் கொட்டினேன். பன்னிரண்டுக்கும் நீல மூடி. அலுமாரி கண்காட்சி மாதிரி இருந்தது. அந்தப் போத்தல்களில் லேபிள் ஒட்ட வேண்டும் என்பது மட்டும், லேபிளே கதியென்று கிடந்த எனக்குத் தோன்றவில்லை.

“இஞ்சேருங்கோ, எல்லாம் வெள்ளையாக் கிடக்கு. எது எதெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள் என் மனைவி வாசுகி.

“மணந்து பாரும்” என்றேன், பெரிய விஞ்ஞானி போல.

அடுத்த ஞாயிறு இணுவிலில் இருந்து சுகன்யாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை கேதீசனுக்கு ஒரு மருந்தகத்தில் வேலை. கூட அவருடைய தாயார். சுகன்யாவுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று சம்பந்தம் ஏற்கெனவே குழம்பியிருந்தது. கேதீசனின் படம் வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவள் குசினிக்குள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எங்களுக்கு விளங்கியது. இது சரிவர வேண்டுமே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பதற்றம்.

அந்தப் பதற்றத்தில்தான் வாசுகி வாங்கி வைத்த ஒரேஞ் சோடாவைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு வட்டம். சீனி கூடின பானம் என்பதற்கு எங்கள் நாட்டில் போடும் அடையாளம். வருங்கால மச்சானுக்கு இதையா கொடுப்பது? சோடாவை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுத் தேசிக்காய் பிழிய ஆரம்பித்தேன். வாசுகி அறைக்குள் சுகன்யாவுக்குச் சீலை உடுத்திக்கொண்டிருந்தாள்.

“அரைச்ச சீனி எங்கை?” என்று கேட்டேன்.

“மேல்தட்டிலை, நீல மூடிப் போத்தில்” என்று குரல் வந்தது.

எடுத்து நாலு கரண்டி போட்டேன். தேசிக்காய்த் தண்ணி கரைத்த யக்குக்குள் இருந்து நுரை பொங்கி, கையில் வழிந்து, நிலத்தில் கொட்டியது. பயந்திருக்க வேண்டும். எனக்கோ சந்தோசம். மருந்தடிக்காத வீட்டுத் தேசிக்காய்க்கு எவ்வளவு உயிர் என்று வியந்தேன். (நான் சீனியை விட்டவன் என்பதால் ருசி பார்க்கவில்லை. விரதத்தைக் காப்பாற்றினேன், தங்கையை விட்டுவிட்டேன்.)

வந்தவர்களுக்கு நானே கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன். கேதீசனின் தாயார் ஒரு மிடறு குடித்தார். முகம் சுருங்கியது.

“தம்பி, கிளாஸ் கழுவின சவுக்காரம் போகேல்லைப் போல” என்றார் மெதுவாக. பிறகு, “உப்பும் போட்டனீங்களோ? எனக்குப் பிரஷர், உப்பு ஆகாது.”

கதவருகே நின்ற சுகன்யாவின் முகம் வெளுத்துப்போனது. நாலாவது சம்பந்தமும் என் கையாலேயே போகிறது என்று நினைத்தேன். நிலம் பிளந்தால் இறங்கிவிட ஆயத்தமாக இருந்தேன்.

கேதீசன் மட்டும் கிளாஸைப் பார்க்கவில்லை. மேசையில் கிடந்த என் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, இதிலை ஈ 500 எண்டு அப்பச்சோடா லேபிள் ஒட்டியிருக்கிறியள். லேபிள் இஞ்சை கிடக்கு. சாமான் எங்கை கிடக்கு?”

நான் குசினியைக் காட்டினேன். அவர் எழுந்து போய், பன்னிரண்டு நீல மூடிகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார்.

“எங்கடை வேலையிலை லேபிள் இல்லாத போத்திலைத் தொடவே மாட்டம், அண்ணை” என்றார். பிறகு சுகன்யாவைத் திரும்பிப் பார்த்தார். “ஒரு பாதித் தேசிக்காய் தாறீங்களோ?”

அவள் கொடுத்தாள். அவர் ஒவ்வொரு போத்தலில் இருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் வைத்தார். அவள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுப் பிழிந்தாள். சோளமா அசையவில்லை. அரைத்த சீனி கரைந்தது. ஒன்பதாவது, சுர்ரென்று நுரைத்தது.

“பிடிச்சாச்சு” என்றாள் சுகன்யா. இருவரும் சிரித்தார்கள். மிச்ச மூன்றையும் பார்த்து முடிக்க அவர்களுக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது.

முன்னறையில் நான், சோடாவை ஒளித்த கதையையும் சொல்லி, தாயாரிடம் பத்தாவது தடவையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“விடுங்கோ தம்பி, ஒரு மிடறுதானே” என்றார் அவர், குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தபடி. “உவன் இதுக்கு முன்னம் பொம்பிளை பாக்கப் போன ரெண்டு வீட்டிலையும் வாயே திறக்கேல்லை. உந்தச் சோடாவை ஏன் ஒளிச்சனீங்கள்? அதைக் கொண்டாங்கோ.”

கலியாணம் நடந்தது. நான் இன்றும் பக்கற்றைத் திருப்பித்தான் வாங்குகிறேன். சீனியும் எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் எந்த விசேசத்திலும் தேசிக்காய்த் தண்ணி முதலில் எனக்குத்தான் வரும். நான் முழுதாகக் குடித்து முடிக்கும்வரை சபையில் ஒருவரும் கிளாஸைத் தூக்க மாட்டார்கள்.

எங்கள் அலுமாரியில் பன்னிரண்டு போத்தல்களும் இப்போது லேபிளோடு நிற்கின்றன, எல்லாம் சுகன்யா அன்று எழுதி ஒட்டியவை. பதினொன்றில் சாமானின் பெயர் மட்டும் இருக்கிறது. ஒன்பதாவதில் பெயருக்குக் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது: ‘அண்ணை தொடக்கூடாது.’