நாற்பது பெண்களுக்குத் திரைபோட்டுக் காட்டிய என் ரிசல்ட்

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லிக்கு ஒரு முனைவர் பட்டமும் கொடுத்தால் அது நான்தான்.

கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸை ஆராய்வது என் தொழில். ஜார்ஜ்டவுன் ஆய்வகம் ஒன்றில் பதினோரு வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். அந்த வைரஸ் தொற்று புற்றுநோயாக மாறப் பல வருடம் பிடிக்கும், அதற்குள் பரிசோதனை செய்தால் தப்பிக்கலாம் என்று கண்ணில் பட்ட பெண்களையெல்லாம் நிறுத்திவைத்துச் சொல்வேன். நான் மட்டும் ஒருதரம்கூடச் செய்துகொண்டதில்லை. (நேரமில்லை என்று சொல்லிக்கொள்வேன். பயம்தான்.)

சுங்கை பாக்காப்பில் இருந்த என் அக்காள் வசந்தாவைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி வருடக்கணக்கில் நச்சரித்தேன். “நீ பண்ணிட்டியா?” என்று அவள் போனில் திருப்பிக் கேட்டால் உடனே பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போதுதான் எங்களுக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. பெண்கள் தாங்களே கழிவறைக்குப் போய், பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடும். பாலிக் புலாவில் ஒரு மண்டபத்தில் முகாம் போட்டோம். நாற்பது பெண்கள் வந்தார்கள். அதில் பாதிப் பேர் எதிர்க்கடையில் டுரியான் பழம் மலிவு என்பதால் வந்தவர்கள். அக்காளும் அந்தக் கட்சிதான்.

குச்சியைக் கையில் வாங்க ஒருத்தியும் தயாரில்லை.

“மலுவா இருக்கு லா டாக்டர்,” என்று முன்வரிசை அம்மா ஒருவர் நெளிந்தார்.

“இதுல என்னம்மா வெக்கம்?” என்றேன்.

“மொதல்ல நீ பண்ணிக் காட்டு, பாப்போம்,” என்றாள் அக்காள் பின்வரிசையிலிருந்து.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குச்சியோடு கழிவறைக்குப் போனேன். போரில் வென்றவள்போலத் திரும்பி வந்து மாதிரியை இயந்திரத்தில் வைத்தேன். அதோடு சும்மா இருந்தேனா? ஒளிவுமறைவே கிடையாது, எல்லாரும் பாருங்கள் என்று கணினியைப் பெரிய திரையோடு இணைத்தும் வைத்தேன். முடிவு வரும்வரை வகுப்பெடுத்தேன். இந்த வைரஸ் தாம்பத்திய உறவு வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது என்பதை மூன்று தரம் அழுத்தி அழுத்திச் சொன்னேன்.

திரையில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு எழுத்தில் வந்தது: பாசிட்டிவ்.

நான் சொன்னது யார் மண்டையிலும் ஏறவில்லை என்று அதுவரை நினைத்திருந்தேன். எல்லார் மண்டையிலும் நன்றாகவே ஏறியிருந்தது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் சேகர் உள்ளே வந்தார். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு எனக்கு உதவ வந்த மனிதர். இரண்டு கையிலும் பீஹூன் நூடுல்ஸ் பொட்டலங்கள். அத்தனை பெண்களும் அவரையே பார்த்தார்கள். பசி என்று நினைத்துக்கொண்டார்.

“சாரிம்மா, கடையில கூட்டம் லா. இந்தாங்க, சூடா இருக்கு,” என்றார்.

“இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு எப்படி நிக்கிறாரு பாரு,” என்றார் முன்வரிசை அம்மா.

நான் பதறிப்போய் விளக்கினேன். இது பல வருடம் உடம்பில் சும்மா கிடக்கும், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று சொல்லவே முடியாது, பெரும்பாலும் தானே போய்விடும். அத்தனையும் உண்மை. ஆனால் நாக்குக் குழறச் சொன்னதில், புருஷனுக்கு நான் வக்காலத்து வாங்குவது போலவே இருந்தது.

அக்காள்தான் எழுந்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் வழிந்தது. “டாக்டருக்கே வந்திருக்கு. அப்பறம் நமக்கு என்னடி மலு? குடு அந்தக் குச்சிய.” அவள் பின்னால் ஏறக்குறைய எல்லாரும் வரிசையில் நின்றார்கள். என் பதினோரு வருடப் பிரசங்கத்தால் ஆகாத காரியம் அது.

அதற்குள் திரையின் கம்பியைப் பிடுங்கிவிட்டேன். அக்காளின் முடிவை நான் மட்டும்தான் பார்த்தேன். அவளுக்கும் பாசிட்டிவ். காருக்கு அருகே கூட்டிப்போய்ச் சொன்னேன். மாதவிடாய் நின்று மூன்று வருடமானவள் அவள்.

டுரியான் பையைக் கீழே வைத்துவிட்டு, “எட்டு மாசமா ரத்தம் போகுது அமுதா,” என்றாள். “ஒங்கிட்ட சொல்ல மலுவா இருந்துச்சு.”

என்னைத் தொற்றியது ஒரு வருடத்தில் தானாகவே போயிற்று. அவளுக்குப் புற்றுநோயாகவே முற்றியிருந்தது. இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ்களுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் இந்தக் கதையைத் தமிழிலும் மலாயிலும் நடித்தே காட்டுவாள். சேகர் பார்க்கப் போனால், “வாங்க தம்பி, பால் குடிச்சாச்சா?” என்பாள். அவர் கூச்சத்தில் நெளிவார். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் வலியோடு சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

அவளுடைய பதினாறாம் நாள் காரியத்தில் யாரோ இந்தக் கதையை எடுத்தார்கள். அழுதுகொண்டிருந்த வீடு சிரித்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் அக்காள் மகள் கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சின்னம்மா, நீங்க முன்னாடியே பண்ணியிருந்தா அம்மாவும் அப்பவே பண்ணியிருப்பாங்க, இல்ல?”

அவள் குற்றம் சொல்லவில்லை, கேட்டாள். ஆமாம் என்றேன்.

இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் சேகர் அந்தக் கதையைச் சொல்கிறார். சிவப்பு எழுத்து வரும்வரை நானும் கவிதாவும் எல்லாரோடும் சேர்ந்து சிரிப்போம். அக்காள் எழுந்து நின்று குச்சி கேட்கும் இடம் நெருங்கும்போது இரண்டு பேரும் அடுப்படிக்குப் போய்விடுவோம்.