பாம்பும் ஏணியும் இரண்டு கிலோவும்

சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு மனிதகுலத்துக்கு நேர்ந்த மாபெரும் முன்னேற்றம், சென்ற புதன்கிழமை காலை பத்து மணிக்கு, நமுனுகுல மலைச்சரிவில் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் நிகழ்ந்தது. கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி தன் பிள்ளையோடு பாம்பும் ஏணியும் விளையாடினாள். அதுவும் வேலை நேரத்தில். நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியோடு.

தோட்டத்தின் நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் இந்தப் புரட்சியின் பெருமை என்னையே சேரும். 'பிள்ளைகளோடு பயனுள்ள பொழுது' என்ற திட்டத்துக்காக நான்கு கூட்டங்கள் கூட்டினேன். பதுளையில் ஸஹாப்தீன் முதலாளி கடையில் பலகை வாங்கத் தீர்மானிக்க ஒரு கூட்டம் போதுமாக இருந்தது. மற்ற மூன்றும் பாம்புகளைப் பற்றியவை. பிள்ளைகள் பயப்படுவார்கள், பாம்புகளை மை பூசி அழித்துவிடலாம் என்றேன்.

கணக்கப்பிள்ளை புவனேந்திரன் பதறிப்போனார். "என்னா சார் பேசுறீங்க? பாம்ப எடுத்துட்டா ஏணி மட்டுந்தானே மிஞ்சும்? அப்புறம் எல்லாரும் மேல போயிருவாங்களே!"

தோட்ட நிர்வாகியான துரை மேசையைத் தட்டினார். பாம்புகள் ஏகமனதாகக் காப்பாற்றப்பட்டன.

விளையாடத் 'தெரிவு செய்யப்பட்ட' தாய் தயானி. அந்தக் கௌரவம் அவளுக்குப் புரியவில்லை.

"ஐயா, மலையில இன்னைக்கு நல்லா கொழுந்து கெடக்குங்க. இங்க ஒக்காந்தா இருவது கிலோ சேராது. அரப்பேருதான் போடுவாங்க."

இருபது கிலோவில் கொஞ்சம் குறைந்தாலும் பாதி நாள் சம்பளந்தான். அதைத்தான் அரைப்பேர் என்கிறோம்.

"ஒனக்கு முழுப்பேர். நான் பொறுப்பு," என்றேன். என் குரலின் கம்பீரம் எனக்கே பிடித்திருந்தது.

திட்டத்தைப் பரிசோதிக்கக் கொழும்பிலிருந்து ஸகீனா மேடம் வந்து பாயில் அமர்ந்தார். 'குடும்ப நேசத் தோட்டம்' என்ற சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது. அது கிடைத்தால் எங்கள் தேயிலைக்கு வெளிநாட்டில் தனி மதிப்பு.

தயானி தாயக்கட்டையை உருட்டினாள். ஆறு!

"சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. நாலு வைம்மா," என்றாள் ஐந்து வயது மகள் யசோதினி.

"ஏன் மகள் நாலு?" என்றார் மேடம்.

"கழிக்கணும் மிஸ். கொழுந்து நனஞ்சிருக்கும்ல?"

"இங்க கொழுந்தே இல்லையே. வெளியிலயும் நல்ல வெயில்."

"வெயிலடிச்சாலும் தண்ணி இருக்குங்க. மடுவத்துல கொழுந்து நிறுக்கிறப்ப பாத்திருக்கேன்."

தயானி மகளின் தொடையைக் கிள்ளினாள். புவனேந்திரன் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார். மேடம் தானே தாயக்கட்டையை உருட்டினார். ஒன்று விழுந்தது.

"ஒண்ணுல ரெண்டு கழிச்சா?"

"பலகைய விட்டு வெளிய போங்க மிஸ்."

எனக்கு வேர்த்துக் கொட்டியது. மேடம் நெடுநேரம் எழுதினார். பிறகு வாசித்தும் காட்டினார்: "விளையாட்டின் வழியாகக் கழித்தல் கணக்கு. மிகச் சிறப்பு."

சான்றிதழ் அங்கேயே வழங்கப்பட்டது. முன்கூட்டியே கண்ணாடிச் சட்டம் போட்டுத்தான் அதைக் கொண்டுவந்திருந்தார். எங்கே மாட்டுவது என்று அவசரக் கூட்டம் கூடினோம். மடுவத்தில், தராசு தொங்கும் அதே குறுக்குக் கட்டையில் மாட்டினோம்.

அன்று தயானி பகல் சாப்பாட்டுக்குக்கூட மலையை விட்டு இறங்கவில்லை. மாலையில் மகளையும் கூட்டிக்கொண்டு மடுவத்துக்கு வந்து சாக்கைத் தராசில் மாட்டினாள். இருபத்திரண்டு. சாக்குக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று போக, இருபது! தாயும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"பத்தொம்பது," என்று எழுதினார் புவனேந்திரன். "அரப்பேர்."

"எப்புடிங்க?"

"மேல சட்டிபிக்கேட்டு தொங்குதுல்ல? அந்தப் பாரத்துக்கு ஒண்ணு."

தயானி என்னைப் பார்த்தாள். நான் சான்றிதழைப் பார்த்தேன். பொன் எழுத்துகள் மிக நேர்த்தியாக இருந்தன.

யசோதினி விரல்களை ஒருமுறை மடக்கிப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயா, நான் வெளையாட்டுலகூட ரெண்டுதாங்க கழிச்சேன்."